சிங்கப்பூர் - நியூயார்க்: 15,300 கிமீயா 16,700 கிமீயா? 17 மணி நேரமா 19 மணி நேரமா?

நீங்க எழுதியிருந்ததை சுருக்கமா ஒரு தடவை சொல்லிக்கறேன், நான் புரிஞ்சுகிட்டது சரியான்னு பாத்துக்கோங்க. அப்பா சிங்கப்பூர்லேருந்து நியூயார்க்குக்கு நேர் ஃப்ளைட்ல தனியா வர்றார். தூரம் ஒரு இடத்துல 15,300 கிமீ, இன்னொரு இடத்துல 16,700 கிமீ. விமானம் 900 கிமீ வேகத்துல போகும்னு வச்சு வகுத்தா 17 மணி நேரம் வருது, டிக்கெட்ல 18 மணி 40 நிமிஷம்னு இருக்கு, ஆனா அதே டிக்கெட்ல கிளம்புற நேரத்தையும் இறங்குற நேரத்தையும் பாத்தா ஆறரை மணி நேரம் சொச்சம்தான் வித்தியாசம், திரும்பிப் போற டிக்கெட்லயோ முப்பது மணி நேரத்துக்கு மேல காட்டுது. இதுல எது நெசம்னு கேட்டுட்டு கடைசில போற போக்குல ஒரு வரி, அவருக்கு 12 மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை இருக்குன்னு.

பாத்தா தூரம் பத்தின கேள்வி மாதிரி இருக்கு, ஆனா அந்தக் கடைசி வரியைப் படிச்சதும் தெரிஞ்சுபோச்சு, உங்களுக்கு வேண்டியது அப்பா அந்த சீட்ல நெசமா எத்தனை மணி நேரம் உக்காந்திருப்பார்ங்கறதுதான். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நீங்க எழுதுன நம்பர்ல எதுவுமே பொய் இல்ல, ஒவ்வொண்ணும் வேற வேற கேள்விக்கான விடை, அதை எல்லாம் ஒரே தட்டுல கொட்டி வச்சதால வந்த குழப்பம் இது. நான் பதினாறு வருஷம் ஃப்ளைட் டிஸ்பாட்ச்ல இருந்தவன், அதாவது பைலட் கையில குடுக்குற ஃப்ளைட் பிளானைப் போடுற ஆளு, எந்த வழி, எந்த உயரம், எவ்ளோ ஃப்யூவல், நடுவுல ஏதாவது ஆச்சுன்னா எங்க இறக்குறது, இதெல்லாம் தரையில உக்காந்து முடிவு பண்ற வேலை. இந்தக் குறிப்பிட்ட ரூட்டுக்கு நான் பிளான் போட்டதில்ல, வேற நீண்ட தூர ரூட்டுங்க நெறைய போட்டிருக்கேன், கணக்கு எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.

15,300ங்கறது நூல் இழுத்த தூரம். ஒரு பந்தை எடுத்து ரெண்டு புள்ளி வச்சு நடுவுல நூலை இறுக்கி இழுத்தா அது எங்க உக்காருமோ அதுதான் பூமி மேல குறுக்கு வழி, தொழில்ல கிரேட் சர்க்கிள்னு சொல்லுவோம். இந்த ரெண்டு ஊருக்கும் அதுல ஒரு அழகான விஷயம் இருக்கு, கம்ப்யூட்டர் இல்லாம நீங்களே பேப்பர்ல போட்டுப் பாக்கலாம். நியூயார்க் கென்னடி ஏர்போர்ட் மேற்கு தீர்க்கரேகை 74 டிகிரி கிட்ட இருக்கு, சிங்கப்பூர் சாங்கி கிழக்கு 104 டிகிரி, ரெண்டையும் கூட்டுனா 178, அதாவது உருண்டைக்கு ஒண்ணு இந்தப் பக்கம்னா இன்னொண்ணு கிட்டத்தட்ட அப்படியே அந்தப் பக்கம். அப்படி இருக்கற ரெண்டு இடத்துக்கு நடுவுல குறுக்கு வழி வட துருவத்தை ஒட்டித்தான் போயாகணும். நியூயார்க் அட்சரேகை 40.64, அங்கேருந்து துருவத்துக்கு 49.36 டிகிரி, சிங்கப்பூர் 1.36, துருவத்துலேருந்து அங்க இறங்க 88.64 டிகிரி, கூட்டுனா சரியா 138, ஒரு டிகிரிக்கு சுமார் 111.2 கிமீ, பெருக்கிப் பாருங்க, 15,345 வரும். நீங்க பாத்த சைட்டு 15,349னு போட்டிருந்தா ஆச்சரியப்படாதீங்க, ரெண்டும் ஒண்ணுதான்.

அந்தச் சின்ன வித்தியாசம் எங்கேருந்து வருதுன்னு கேட்டா, பூமி சரியான உருண்டை இல்ல, நடுவுல ஆரம் 6,378 கிமீ, துருவத்துல 6,357 கிமீ, அதனால உருண்டைன்னு வச்சுப் போடுற கணக்கும் லேசா தட்டையானதுன்னு வச்சுப் போடுற கணக்கும் கொஞ்சம் பிசகும், அதிகபட்சம் அரை சதவீதம். சில சைட்டு ஏர்போர்ட்டை விட்டுட்டு ஊர் நடுவுலேருந்து அளக்கும், அதுல ஒரு இருபது முப்பது கிமீ முன்ன பின்ன. பதினோரு கிமீ உயரத்துல பறக்கறதால தூரம் கூடுமேன்னும் சிலர் கேப்பாங்க, கூடும், மொத்தமே 26 கிமீ மாதிரி, ரெண்டு நிமிஷம் கூட இல்ல. இதை எல்லாம் விட ஜனங்களைக் குழப்பறது மைல்தான். இதே தூரம் தரை மைல்ல 9,537, நாட்டிக்கல் மைல்ல சுமார் 8,290, ஏன்னா தரை மைல் 1.609 கிமீ, நாட்டிக்கல் மைல் 1.852 கிமீ, ஏவியேஷன்ல எல்லாமே நாட்டிக்கல்லதான் ஓடும், ரெண்டையும் மைல்னே எழுதிட்டுப் போயிடறாங்க. அரை சதவீதத்தைப் பத்தி விடிய விடிய சண்டை போடுறவங்க இந்தப் பதினஞ்சு சதவீதத்தைக் கோட்டை விடுறதை நான் நெறைய பாத்திருக்கேன்.

சரி, 16,700 எங்கேருந்து வந்துச்சு? சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018 அக்டோபர்ல இந்த நேர் சர்வீஸை மறுபடி ஆரம்பிச்சப்போ அவங்களே சொன்ன நம்பர் அது, சுமார் 16,700 கிமீ, அதிகபட்சம் 18 மணி 45 நிமிஷம்னு. அப்போ போனது நியூயார்க்கை ஒட்டி இருக்கற நெவார்க் ஏர்போர்ட்டுக்கு, அதோட நூல் தூரம் 15,344 கிமீ. அப்போ மிச்சம் 1,350 கிமீ சும்மா சுத்திட்டா வர்றாங்க? ஆமா, சுத்திட்டுதான் வர்றாங்க, ஆனா சும்மா இல்ல.

நூல் வழியில போனா துருவத்துக்கு 300 கிமீக்குள்ள போய், அப்புறம் சைபீரியா, மங்கோலியா, சீனான்னு கீழ இறங்கணும். முதல் தடங்கல் ரஷ்யா, 2018ல இது இல்ல, ஆனா 2022லேருந்து நெறைய நாட்டு விமானங்க அந்த வான்ல போறதில்ல, சிலருக்குத் தடை, சிலர் தாங்களே வேண்டாம்னு விட்டுட்டாங்க. இது எவ்ளோ பெரிய விஷயம்னு தெரியணும்னா ஹெல்சிங்கி - டோக்கியோவைப் பாருங்க, நூல் தூரம் 7,800 கிமீ மாதிரி, ரஷ்யா மேல போனப்போ ஒன்பதரை மணி நேரம், இப்ப கிட்டத்தட்ட 13 மணி நேரம், பின்லாந்து கம்பெனி ஃபின்ஏர் துருவத்தைச் சுத்தியோ இல்ல தெற்கால இறங்கியோ போகுது. ரெண்டு ஊரும் இருந்த இடத்துலதான் இருக்கு, தூரம் மட்டும் கூடிப்போச்சு.

ரஷ்யா திறந்தே இருந்தாலும் துருவம் லேசுப்பட்ட இடம் இல்ல. ரெண்டு எஞ்சின் விமானம், ஒண்ணு நின்னுபோனா இத்தனை நிமிஷத்துக்குள்ள ஒரு ஏர்போர்ட் எட்டணும்னு விதி இருக்கு, அந்தப் பனிப் பக்கத்துல அப்படி இறக்கக்கூடிய ஏர்போர்ட் விரல் விட்டு எண்ணிடலாம். ஃப்யூவல் வேற உறையும், அமெரிக்காவுல பெரும்பாலும் நிரப்புற ஜெட் ஏ மைனஸ் 40ல, மத்த நாடுகள்ல கிடைக்கற ஜெட் ஏ-1 மைனஸ் 47ல. வெளிய மைனஸ் 65 இருக்கற பட்டையில மணிக்கணக்கா போனா றெக்கைக்குள்ள இருக்கற ஃப்யூவல் மெதுவா குளிர்ந்துட்டே வரும், அது எல்லைக்குக் கிட்ட வந்துச்சுன்னா பைலட் கொஞ்சம் கீழ இறங்கணும், இல்ல வேகத்தைக் கூட்டணும். ராத்திரி ஷிஃப்ட்ல அந்த டெம்பரேச்சர் கோடு நம்ம ரூட்டுக்குக் குறுக்க வந்து படுத்திருந்தா டீ குடிக்கற நெனப்பே வராது.

ஆனா சுத்திப் போறதுக்கு உண்மையான பெரிய காரணம் இதெல்லாம் இல்ல, காத்து. வேலைக்குச் சேந்த மூணாவது மாசம் நடந்ததை சொல்றேன். பசிபிக் தாண்டுற ஒரு ஃப்ளைட்டுக்கு சிஸ்டம் நாலு வழி போட்டுக் குடுத்துச்சு, நான் புதுசு இல்லையா, தூரம் கம்மியா இருந்த வழியை டிக் பண்ணிட்டு கெத்தா உக்காந்திருந்தேன். பக்கத்து டேபிள் சீனியர் ஒருத்தர் எட்டிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம பேனாவால ரெண்டாவது பத்தியைத் தட்டிக் காட்டுனார். நான் எடுத்த வழி முந்நூறு நாட்டிக்கல் மைல் கம்மி, ஆனா நேரம் இருபத்திரெண்டு நிமிஷம் அதிகம், ஃப்யூவலும் அதிகம். ஏன்னா நீளமான வழி ஜெட் ஸ்ட்ரீமுக்குள்ளயே, அதாவது உயரத்துல மேற்குலேருந்து கிழக்கா ஆறு மாதிரி ஓடுற பலமான காத்துக்குள்ளயே போகுது, பின்னாலேருந்து காத்து தள்ளிட்டே வருது, என் குறுக்கு வழியில அந்தத் தள்ளலே இல்ல. "தம்பி, பிளேன் தரையில ஓடல"ன்னு மட்டும் சொல்லிட்டு அவர் வேலையைப் பாக்கப் போயிட்டார். பதினாறு வருஷத்துல நான் கத்துகிட்டதுல பாதி அந்த ஒரு வரிதான்.

விளக்கமா சொன்னா, விமானத்துக்கு தரை தெரியாது, அதைச் சுத்தி இருக்கற காத்துக்குள்ளதான் அது 900 கிமீ வேகத்துல போகுது. அந்தக் காத்தே மொத்தமா கிழக்கால 150 கிமீ வேகத்துல நகந்துட்டு இருந்தா தரையில இருந்து பாக்குறவனுக்கு விமானம் 1,050ல போகும், திரும்பி வரும்போது 750தான். அதனால நாங்க ரெண்டு தூரம் பாப்போம், தரைத் தூரம் ஒண்ணு, காத்துக்குள்ள பறந்த தூரம் ஒண்ணு, ஃப்யூவலும் நேரமும் ரெண்டாவதைத்தான் கேக்கும், பயணிங்க பாக்குற எந்த சைட்லயும் அது இருக்காது.

நியூயார்க் - லண்டன் எடுத்துக்கோங்க, சுமார் 5,550 கிமீ. காத்தே இல்லன்னா 900ல வகுத்து 6 மணி 10 நிமிஷம். 150 கிமீ காத்து மேற்குலேருந்து அடிச்சா லண்டன் பக்கம் 5 மணி 17 நிமிஷம், திரும்பி 7 மணி 24 நிமிஷம். இதுல ஒரு வேடிக்கை, போறதுல லாபம் வர்றதுல நஷ்டம், கூட்டிக் கழிச்சா சரியாப் போயிடும்னு தோணும், ஆனா கூட்டிப் பாருங்க, காத்து இல்லன்னா மொத்தம் 12 மணி 20 நிமிஷம், காத்து இருந்தா 12 மணி 41. எதிர்காத்துல அதிக நேரம் மாட்டிக்கறோம் இல்லையா, அதனால போக வரன்னு பாத்தா காத்து எப்பவும் நஷ்டம்தான். 2020 பிப்ரவரில ஒரு புயல் நேரத்துல பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒண்ணு நியூயார்க்லேருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிஷத்துல போச்சு, தரை வேகம் மணிக்கு 1,327 கிமீ வரைக்கும் தொட்டுச்சு, ஒலி வேகத்தைத் தாண்டிருச்சுன்னு நியூஸ்ல எல்லாம் கத்துனாங்க. தாண்டல, காத்துக்குள்ள அது வழக்கமான வேகத்துலதான் போச்சு, காத்துதான் அன்னிக்கு வெறி புடிச்ச மாதிரி ஓடுச்சு. அட்லாண்டிக் மேல இதுக்காகவே தினம் ரெண்டு தடவை காத்தைப் பாத்துப் புதுசா வழித்தடம் போடுறாங்க, பகல்ல மேற்கால போறவங்களுக்கு ஒரு செட்டு, ராத்திரி கிழக்கால போறவங்களுக்கு ஒரு செட்டு. நேத்து போன வழி இன்னிக்கு இருக்காது.

ஜெட் ஸ்ட்ரீம் ஜப்பான் மேல குளிர்காலத்துல பயங்கர பலமா இருக்கும், மணிக்கு 300 கிமீக்கு மேல போற நாளெல்லாம் உண்டு. ஒரு கிளைக்கதை, அதை முதல்ல ஒழுங்கா அளந்தவர்கள்ல ஒருத்தர் ஜப்பான்காரர் ஓய்ஷி வாசாபுரோ, 1920கள்ல பலூன் விட்டு அளந்தார், உலகம் பூரா படிக்கட்டும்னு 1926ல எஸ்பெராண்டோங்கற செயற்கைப் பொது மொழியில எழுதி வெளியிட்டார், விளைவு, உலகத்துல யாருமே படிக்கல.

இப்ப உங்க ரூட்டுக்கு வர்றேன். சிங்கப்பூரும் நியூயார்க்கும் உருண்டைக்கு எதிரெதிர் பக்கம்னு சொன்னேன்ல, அதனால கிழக்கால போனாலும் சேரலாம், மேற்கால போனாலும் சேரலாம். சிங்கப்பூர்லேருந்து வர்றப்போ வழக்கமா வடகிழக்கா ஏறி, தைவான் ஜப்பான் பக்கம் அந்த ஜெட் ஸ்ட்ரீமைப் புடிச்சு, வட பசிபிக்கைத் தாண்டி வட அமெரிக்காவுக்குள்ள நுழைஞ்சு குறுக்க வந்து இறங்கும். திரும்பிப் போறப்போ அதே வழியில எதிர்காத்துல மல்லுக்கட்டாம, நெறைய நாள் அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பா, மேற்காசியா, இந்தியா பக்கமா மறுபடி கிழக்காலயே போகும். அதாவது ரெண்டு பயணமும் கிழக்கால, அப்பா போயிட்டு வந்தா உலகத்தை ஒரு சுத்து சுத்திட்டார்னு அர்த்தம். ஊர் நேர வித்தியாசத்தை சரிபண்ணிப் பாத்தா உங்க டிக்கெட்ல போக வர ரெண்டுமே கிட்டத்தட்ட ஒரே நேரம் வர்றதுக்கு இதுதான் காரணம். டோக்கியோ - லாஸ் ஏஞ்சல்ஸ் மாதிரி ரூட்ல இந்த வசதி கிடையாது, அங்க அமெரிக்கா போக பத்து மணி நேரம்னா திரும்ப பதினொண்ணரை பன்னெண்டு ஆகும். லண்டன் - ஜோஹன்னஸ்பர்க் மாதிரி வடக்கு தெற்கா போறதுல காத்து பக்கவாட்டுல அடிக்கறதால ரெண்டு பக்கமும் பதினோரு மணி நேரம் மாதிரி, பெரிய வித்தியாசம் இருக்காது.

உங்க 17 மணி நேரக் கணக்கு, அதாவது 15,300ஐ 900ல வகுத்தது, கேக்க ரொம்ப நியாயமா இருக்கு, 900ங்கறதும் சரியான நம்பர்தான். இந்த ரூட்ல ஓடுற ஏர்பஸ் ஏ350-900யூஎல்ஆர் மாக் 0.85ல போகும், அந்த உயரத்துல வெளிய மைனஸ் 56 டிகிரின்னா ஒலி வேகம் மணிக்கு சுமார் 1,062 கிமீ, அதுல 0.85 போட்டா 903. ஆனா வீட்டு வாசல்லேருந்து எந்த வண்டியும் 903ல கிளம்பாது. ஏறும்போது முதல் பத்தாயிரம் அடி வரைக்கும் பெரும்பாலான இடத்துல 250 நாட்தான், அதாவது மணிக்கு 463 கிமீ, இறங்கும்போதும் அப்படியே, ஏற இறங்கன்னு சேத்து ஒரு பதினஞ்சு இருபது நிமிஷம் இதுல போயிடும். அப்புறம் டிக்கெட்ல போடுறது பறக்குற நேரமே இல்ல, பிளாக் டைம்னு சொல்லுவோம், கேட்லேருந்து பின்னால தள்ள ஆரம்பிச்ச நொடிலேருந்து அந்தப் பக்கம் கேட்ல நிக்கற வரைக்கும். கென்னடி மாதிரி நெரிசல் புடிச்ச ஏர்போர்ட்ல ரன்வே வரைக்கும் வரிசையில ஊர்ந்து போறதுக்கே அரை மணி நேரம் ஆகிடும். அதுக்கு மேல கம்பெனி கொஞ்சம் கூடுதலா நேரம் சேத்துதான் டைம்டேபிள் போடுவாங்க, லேட்டுன்னு பேர் வாங்கறதை விட "முன்னாடியே வந்துட்டோம்"னு அனவுன்ஸ் பண்றது நல்லாருக்கு இல்லையா. 2018ல அந்த முதல் ஃப்ளைட் நெவார்க் போய்ச் சேர எடுத்தது 17 மணி 52 நிமிஷம், அவங்க அதிகபட்சம்னு சொன்ன 18:45ஐ விட கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கம்மி. 16,700ஐ அப்படியே எடுத்து அதால வகுத்தா சராசரி 930க்கு மேல வருது, ஏறுறது இறங்குறது எல்லாம் சேத்தும் 903ஐத் தாண்டுது பாருங்க, அந்தக் கூடுதல் முழுக்க காத்து குடுத்த தானம்.

வேகமா ஓட்டி நேரத்தைக் குறைக்கலாமேன்னா, ஃப்யூவல் விட மாட்டேங்குது. தூக்கிட்டுப் போற ஃப்யூவலைத் தூக்கவே ஃப்யூவல் வேணும், நாங்க வச்சிருந்த தோராயக் கணக்கு மணிக்கு மூணுலேருந்து நாலு சதவீதம், பதினெட்டு மணி நேரத்துக்கு அப்புறம் மிச்சம் ஒரு டன் வேணும்னா கிளம்பும்போது கிட்டத்தட்ட ரெண்டு டன் ஏத்தணும். அதனாலதான் இந்த விமானத்துல டாங்க் கொள்ளளவை 1,41,000 லிட்டர்லேருந்து 1,65,000 லிட்டரா ஆக்கி, ஆளுங்களை வெறும் 161 சீட்டோட நிறுத்திட்டாங்க, எகானமி வகுப்பே கிடையாது. இதுக்கு முன்னாடி 2004லேருந்து 2013 வரைக்கும் நாலு எஞ்சின் ஏ340-500ல ஓட்டுனாங்க, கடைசி காலத்துல நூறே நூறு பிசினஸ் சீட்டு, அப்படியும் ஃப்யூவல் செலவு தாங்காம நிறுத்திட்டாங்க.

அடுத்தது கடிகாரம், இது ரொம்ப சுலபம். சிங்கப்பூர் வருஷம் பூரா ஒரே நேரம், நியூயார்க் கோடையில அதுக்கு 12 மணி நேரம் பின்னால, நவம்பர் முதல் ஞாயிறுலேருந்து மார்ச் ரெண்டாவது ஞாயிறு வரைக்கும் 13 மணி நேரம் பின்னால. உங்க டிக்கெட் கோடை நேரத்துலதான் இருக்கு, ஏன்னா 6 மணி 40 நிமிஷத்தோட 12ஐக் கூட்டுனா 18:40 சரியா வருது. திரும்பும்போது அதே 12ஐக் கழிக்கணும், 30 மணி 45 நிமிஷம் காட்டுச்சுன்னா நெசம் 18:45. நேர வித்தியாசமே தெரியலன்னாலும் ஒரு குறுக்கு வழி இருக்கு, போக காட்டுற வித்தியாசத்தையும் வர காட்டுற வித்தியாசத்தையும் கூட்டி ரெண்டால வகுங்க, ஊர் நேரம் தானா அடிபட்டுப் போயிடும், 6:40 கூட்டல் 30:45, 37:25, அதுல பாதி 18:42. எந்த ரெண்டு ஊருக்கும் இது வேலை செய்யும், போக வர நடுவுல எந்த ஊர்லயும் கோடை குளிர் நேரம் மாறாம இருந்தா போதும்.

இப்ப எதை எவ்ளோ நம்பலாம்னு பிரிச்சு சொல்லிடறேன். நூல் தூரம் கல்லுல எழுதுன மாதிரி, அதுல சந்தேகமே வேண்டாம், ஆனா பயணிக்கு அதால பெருசா உபயோகம் இல்ல. டிக்கெட்ல இருக்கற பிளாக் டைம் அனுபவத்துல வந்த நம்பர், அந்தக் கம்பெனி பழைய வருஷங்களோட காத்தைப் பாத்துப் போட்டது, கோடைக்கு ஒண்ணு குளிருக்கு ஒண்ணுன்னு மாத்துவாங்க, நல்லா நம்பலாம். பறக்கப் போற வழியும் அன்னிக்கு எடுக்கப் போற நேரமும், கிளம்ப சில மணி நேரம் முன்னாடி ஃப்ளைட் பிளான் போடுற வரைக்கும் டிஸ்பாட்ச்ல இருக்கறவனுக்கே தெரியாது, மூணு மாசம் முன்னாடி உக்காந்து அந்தத் தேதிக்கு காத்து எப்படி இருக்கும்னு சொல்றவன் ஜோசியக்காரன். என் அனுபவத்துல இவ்ளோ நீளமான ரூட்ல அட்டவணையை விட முக்கால் மணி நேரம் முன்னாடியோ அரை மணி நேரம் பின்னாடியோ வர்றது சகஜம், அதுக்கு மேல தாமதம்னா பெரும்பாலும் காரணம் தரையில இருக்கும், லேட்டா கிளம்பியிருக்கும். பயண வாரத்துல விமானத்தைப் பின்தொடர்ற ஆப்ல அதே ஃப்ளைட் நம்பரை நாலஞ்சு நாள் பாருங்க, அந்த வாரக் காத்து எப்படின்னு புடிபட்டுடும். வேற ரூட்டுக்கு அவசரத்துக்குத் தோராயம் வேணும்னா நூல் தூரத்தை 850ல வகுத்து அரை மணி நேரம் கூட்டுங்க, மேற்கால போறதா இருந்தா இன்னும் ஒரு மணி நேரம் போட்டுக்கோங்க, நான் அப்படித்தான் மனக்கணக்கு போடுவேன். வழியில மூடுன வான் எல்லை ஏதாவது இருந்தா இந்தக் கணக்கு படுத்துடும், ஹெல்சிங்கிக்கு போட்டீங்கன்னா மூணு மணி நேரம் ஏமாந்துடுவீங்க.

மாத்திரை விஷயத்துல நான் டாக்டர் இல்ல, என்ன மாத்திரை, ஒண்ணு ரெண்டு மணி நேரம் தள்ளலாமாங்கறதை அவரோட டாக்டர்கிட்டயே கேட்டுடுங்க. மணிக்கணக்கு மட்டும் நான் சொல்றேன். பிளாக் டைம் 18:40, அதுக்கு முன்னாடி ஏர்போர்ட்ல மூணு மணி நேரம், இறங்குனப்புறம் இமிக்ரேஷன் பெட்டின்னு ஒண்ணரை ரெண்டு மணி நேரம், ஆக வீட்டை விட்டுக் கிளம்பி உங்களைப் பாக்கற வரைக்கும் 24 மணி நேரம் ஆகும்னு வச்சுக்கோங்க. அதுல ரெண்டு வேளை மாத்திரை கண்டிப்பா வரும், குறைஞ்சது ஒண்ணு விமானத்துக்குள்ளயே, அதனால மாத்திரை கைப்பையில இருக்கணும், கீழ போடுற பெட்டில போயிடக் கூடாது. கோடையில வர்றதால உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கு, வித்தியாசம் சரியா 12 மணி நேரம், அங்க ராத்திரி எட்டு மணின்னா இங்க காலை எட்டு மணி, 12 மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிடுறவருக்கு முள்ளு கடிகாரத்தைத் திருப்பவே வேண்டாம், எட்டு அடிக்கறப்பல்லாம் போட்டுக்கிட்டா சரி. ஏஎம் பிஎம் காட்டுற டிஜிட்டல் வாட்சோ தானா நேரம் மாத்திக்கற ஃபோனோ வச்சிருந்தார்னா மட்டும் நடு வானத்துல குழம்பிடுவார், ஒரு பழைய முள்ளு வாட்சைக் கையில கட்டி அனுப்புங்க.